ஆறாவது கோப்பை

"மேலை போனால் பிறகு இறங்கிறது மட்டும்தான் மிச்சம்" என்று சொல்லிவிட்டு, கோபுரத்தின் பாதி வழியில் ஒரு சின்னச் சன்னலுக்குப் பக்கத்தில் அக்கா குந்திவிட்டார். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இனி எழும்பமாட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

கனடாவிலிருந்து வந்திருந்த என் மச்சானுக்கு இது விளங்கவில்லை. டென்மார்க்கில் ஒரு மலையாவது பார்க்கவேண்டும் என்று வந்த மனிதர் அவர். இந்த நாட்டில் மலை இல்லை. இருக்கிற மேடுகளில் ஒன்றுக்கு இங்கத்தைய ஆட்கள் 'வானமலை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்துகிற இடமே உச்சிக்குப் பக்கத்தில்தான். ஐஸ்கிறீம் கடைகளைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் மலை முடிந்துவிடும். அது காணாது என்றுதானோ என்னவோ, உச்சியில் ஒரு செங்கல் கோபுரமும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"அக்கா, இன்னும் எப்பன் படிதான். இவ்வளவு தூரம் வந்திட்டு?" என்றார் மச்சான்.

"நீர் போய்ப் பாத்திட்டு வாரும் தம்பி. நான் போனமுறையும் இதிலைதான் இருந்தனான். அதாலைதான் இந்தமுறையும் வந்தனான்."

மேலே போய் ஏரியைப் படம் எடுக்கும்போது மச்சான் என் காதுக்குள் கேட்டார்: "உவ என்ன, மலையிலையே மிச்சம் வைக்கிறாவோ?"

மலையில் மட்டுமில்லை என்று நான் சொன்னேன்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பானையில் சோறு இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம், நிறைஞ்சிருக்கு என்போம். பானையை ஒட்ட வழித்துவிடவும் மாட்டோம், அடியில் ஒரு பிடி கிடக்கும். இது எல்லாத் தமிழ்க் குசினியிலும் உள்ளதுதான். அக்கா செய்தது என்னவென்றால், அதைக் குசினியிலிருந்து வெளியே எடுத்து இந்த நாடு முழுவதற்கும் பாவித்தார்.

அவரை நான் அறிந்தது நாங்கள் இருக்கிற ஹோர்சன்ஸ் நகரத்தில். எங்கள் தொடர்மாடியில் எங்களுக்கு மேல்வீடு. பன்றி இறைச்சி பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. கணவர் இங்கே வந்த சில வருடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். ஒரு மகள், இங்கே பிறந்த பிள்ளை. தாய் தமிழில் கேட்பார், மகள் டெனிஷில் பதில் சொல்லும். இரண்டு பேருக்கும் அதில் குறை தெரிந்ததில்லை. வன்னியில் அக்காவுக்கு ஒரே ஒரு தம்பி; மனைவியோடும் ஒரு பெண் குழந்தையோடும் இருந்தார். வேறு உடன்பிறப்பு இல்லை.

நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு, சேலைக்கு மேலே ஆண்கள் போடுகிற மழைச் சட்டை, காலில் ஓடுகிற சப்பாத்து, தோளில் துணிப்பை. இந்தக் கோலத்தில் சனிக்கிழமை காலையில் என் கதவைத் தட்டுவார். எனக்கொரு பழைய கார் இருந்தது. அவருக்கு லைசென்ஸ் இல்லை. "கார் உம்முடையது, பாதை என்னுடையது" என்பார். கிழமை முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டிகளோடு வேலை செய்கிறவன் நான். பெட்டி கதைக்காது. அதனால் சனிக்கிழமைக்கு நானும் காத்திருப்பேன் என்றுதான் சொல்லவேண்டும்.

முதலில் நகரச் சதுக்கத்துச் சந்தை: மரக்கறி வண்டி, மீன் வண்டி, பூக்காரர். பிறகு விளையாட்டு மண்டபங்களிலும் பள்ளிக்கூட முற்றங்களிலும் நடக்கிற லொப்பமார்க். வீட்டில் கழித்த சாமானை ஆட்கள் மேசை போட்டு விற்கிற பழஞ்சந்தை அது. பிறகு நாட்டுப்புறத்தில் ஏதாவது ஒரு பழம்பொருள் மண்டபம். நேரம் இருந்தால் ஒரு கோட்டை, ஒரு பூங்கா, ஒரு கலங்கரை விளக்கு. எங்கே எந்தச் சனிக்கிழமை எது திறந்திருக்கும் என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. லண்டன், ஜெர்மனி, கனடா என்று எங்கிருந்து யாருக்கு விருந்தாளி வந்தாலும் முதல் போன் அக்காவுக்குத்தான் போகும்.

ஆனால் எதையும் முழுக்கப் பார்க்கவிடமாட்டார். கோட்டையில் கடைசி அறைக்குப் போகமாட்டார். ஓர்ஹூஸ் நகரில் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டிய பழைய நகரம் ஒன்று இருக்கிறது. எத்தனையோ தரம் போயிருந்தும், அதில் ஒரு தெருவை விட்டே வைத்திருந்தார்.

"அந்தத் தெருவிலை என்னக்கா இருக்கு?" என்று ஒருமுறை என் மனைவி வதனி கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? போகேல்லையே."

சந்தையில் கடைசிக் கீரைக்கட்டை எடுக்கமாட்டார். வெள்ளாமைக்காரர் வீட்டு வாசல்களில் ஆளில்லாத சின்னக் கடைகள் இருக்கும். உருளைக்கிழங்கும் ஸ்ட்ரோபெரியும் வைத்திருப்பார்கள், நாங்கள் காசைத் தகரப்பேணிக்குள் போட்டுவிட்டு எடுக்கவேண்டும். அங்கே ஒரே ஒரு பைக் கிழங்குதான் கிடந்தால், அக்கா அதைத் தூக்கி, மணந்து பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வருவார். "எங்களுக்குப் பிறகும் ஆக்கள் வருவினம்" என்பார். அந்தப் பாதையில் எங்களுக்குப் பிறகு மாடு மட்டும்தான் வரும் என்பது எனக்குத் தெரியும்.

தொழிற்சாலையில் இதனால் அவருக்கு நல்ல பேர். இந்த நாட்டுக்காரருக்கும் ஒரு குணம் உண்டு: தட்டத்தில் கடைசித் துண்டுக் கேக்கை யாரும் எடுக்கமாட்டார்கள். ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுப்பார், அடுத்தவர் அந்தப் பாதியைப் பாதியாக்குவார், கடைசியில் ஒரு விரல் நகமளவு கேக் தட்டத்தில் தனியாகக் காயும். அந்த நகத்தைப் பாதியாக வெட்டுகிறவர் அக்கா. இந்தத் தொழிற்சாலையிலேயே அசல் டெனிஷ்காரி நீதான் என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். அக்கா இதை எங்களிடம் பெருமையாகச் சொல்லவில்லை. "பாவம், அதுகளுக்கும் ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம்" என்றார்.

அவருடைய பேரே இங்கத்தைய தமிழ் ஆட்களிடம் 'மிச்ச அக்கா'தான். அவருக்கும் அது தெரியும்.

கோப்பையின் கதைக்கு வருகிறேன். ஹோர்சன்ஸிலிருந்து கடற்பக்கம் போகிற பாதையில் ஒரு பழைய மாட்டுத்தொழுவத்தைப் பழம்பொருள் மண்டபமாக்கி வைத்திருந்தார் ஒரு டெனிஷ் கிழவர். நெட்டையான ஆள். காற்சட்டைக்கு எப்போதும் தோள்வார் போட்டிருப்பார். மாடு கட்டின இடமெல்லாம் தட்டுகள். தட்டுகளில் விளக்கு, மணிக்கூடு, கரண்டி, செத்துப்போனவர்களின் கலியாணப் படம். அங்கே ஒருநாள் அக்கா ஆறு கோப்பைகளைக் கண்டார். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூ. இந்த நாட்டில் கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சேர்க்கிற வகை.

"ஐந்து தா" என்றார் அக்கா, தன்னுடைய டெனிஷில்.

"இது ஆறு சேர்ந்த தொகுதி" என்றார் கிழவர்.

"தெரியும். ஐந்து."

"காசு யோசிக்கிறாயா? ஆறாவதைச் சும்மா தருகிறேன். ஒற்றைக் கோப்பையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

"அது இங்கேயே நிற்கட்டும். நான் வந்து பார்ப்பேன்."

கிழவர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, உங்கள் சமயத்தில் ஆறு கூடாத எண்ணா என்று கேட்டார். அப்படி ஒன்றுமில்லை, கொஞ்சம் மிச்சம் விட்டால்தான் திரும்பி வரலாம் என்பது இவருடைய நம்பிக்கை என்று நான் எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு அந்தக் கோப்பையை எடுத்துக் காசு வாங்குகிற மேசைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரிகிற தட்டில் வைத்தார். உங்கள் பாஷையில் அதற்கு என்ன சொல் என்று கேட்டார்.

"மிச்சம்" என்றார் அக்கா.

"மிஸ்யெம்" என்றார் கிழவர்.

"அவ்வளவு காணும்" என்றார் அக்கா தமிழில்.

வீட்டுக்கு வந்த பிறகு வதனி கேட்டாள்: "ஆறு பேர் வந்தால் என்னக்கா செய்வியள்?"

"நான் பேணியிலை குடிப்பன்."

அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போகிற சனிக்கிழமைகளில் எல்லாம் அக்கா உள்ளே நுழைந்ததும் முதலில் அந்தத் தட்டைத்தான் பார்ப்பார். கோப்பை நிற்கும். கிழவர் தலையை ஆட்டுவார். பிறகுதான் மற்றச் சாமான்.

சண்டை கடைசிக்கு வந்த வருடம், தை மாசியிலிருந்தே எங்கள் ஆட்களின் வீடுகளில் தொலைக்காட்சி அணையவில்லை. கொப்பன்ஹேகனுக்கு பஸ் பிடித்துப் போய் நாடாளுமன்றத்துக்கு முன்னால் பனியில் நின்றோம். அக்காவும் வந்தார். தொண்டை கட்டும்வரை கத்தினார். ஆனால் ஊர்வலம் இல்லாத சனிக்கிழமைகளில் துணிப்பையோடு என் கதவைத் தட்டுவதை அவர் நிறுத்தவில்லை. இது ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் சங்க மண்டபத்தில் கதிரை அடுக்குவதிலிருந்து கணக்கு வழக்கு வரைக்கும் பார்க்கிற குகன் அண்ணை ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சொல்லியே விட்டார்.

"ஊர் எரியுது. உவ கோப்பை பாக்கப் போறா."

அக்கா கோபிக்கவில்லை.

"குகன், நான் வீட்டிலை இருந்தால் நெருப்பு அணையுமோ? அணையுமெண்டால் சொல்லும், இருக்கிறன்."

"அதில்லை அக்கா. பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"அடிக்காத போன் ஒரு வீட்டை எப்பிடி நிரப்பும் எண்டு உமக்குத் தெரியுமோ? ஒரு சனிக்கிழமை என்ர வீட்டிலை வந்து இரும். பிறகு நீரும் சந்தைக்குத்தான் வருவீர்."

எப்போதும் பைக்குள் கொண்டுதிரிகிற அந்தக் கைப்போன் ஒருமுறை அடித்தது. மாசி மாதம். வயலுக்கு நடுவே போகிற பாதை, காருக்குள் நானும் அக்காவும்தான். தம்பி எடுத்திருந்தார். அங்கே யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசி, பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பது இங்கேயே கேட்டது. நான் காரை ஓரமாக நிறுத்தினேன். சாப்பிட்டியோ, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதோ, பங்கர் நனையுதோ என்று அக்கா கத்திக் கத்திக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று பதில் வந்தது. பிறகு தம்பியின் குரல் கொஞ்சம் மாறியது. காருக்குள் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும்."

"இப்ப வேண்டாம். அதை வை. அடுத்தமுறை எடுக்கேக்கை சொல்லு."

"இல்லை அக்கா, கேளுங்கோவன்."

"மிச்சம் வையடா தம்பி."

அவர் சிரித்தது கேட்டது. அக்காவோடு வளர்ந்த பிள்ளை அல்லவா. "சரி, வைக்கிறன்" என்றார். தொடர்பு அறுந்தது.

அக்கா போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தார். "சொல்ல ஒண்டு மிச்சம் இருந்தால் எப்பிடியும் எடுப்பான்" என்றார். கட்டவேண்டியதை இறுக்கிக் கட்டிவிட்டவரின் முகம் அப்போது அவருக்கு. நான் காரை எடுத்தேன். அன்றைக்குச் சந்தையில் நல்ல லீக்ஸ் கிடைத்தது.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது. வைகாசியில் இங்கே பீச் என்கிற காட்டு மரங்கள் ஒரே கிழமைக்குள் இலை விரித்துவிடும். இந்த நாட்டு ஆட்கள் காரை நிறுத்தி இறங்கி நின்று அதைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை பழம்பொருள் மண்டபத்துக்குள் நுழைந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

தட்டில் கோப்பை இல்லை.

கிழவரையும் காணவில்லை. தட்டில் கோப்பை நின்ற இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அக்கா அதில் விரலை வைத்தார்.

பின்கதவு திறந்தது. கிழவர் வந்தார், கையில் அந்தக் கோப்பை, அதில் ஆவி பறக்கிற கோப்பி. எங்களைக் கண்டதும் களவுப் பூனை போல நின்றார்.

"மன்னித்துக்கொள். என்னுடைய கோப்பை உடைந்துவிட்டது" என்றார். பிறகு, அக்காவின் முகத்தைப் பார்த்து, "கழுவித்தான் வைப்பேன்" என்றார்.

அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். கொஞ்சம் கூடவே சிரித்தார். "இவன் குடிச்ச கோப்பிக்கு நான் என்ன பாடு பட்டிட்டன்" என்றார்.

அடுத்த கிழமை தொடக்கத்தில் சண்டை முடிந்தது என்று எல்லாத் தொலைக்காட்சியும் சொன்னது.

சங்க மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஊர்க் குடும்பங்கள் இழந்த ஆட்களின் படங்களை மேசையில் அடுக்கி மாலை போட்டார்கள். தம்பியின் படத்தையும் கேட்டு அக்கா வீட்டுக்கு ஆட்கள் போனார்கள். அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், படம் கொடுக்கவில்லை. "நாளைக்கு ஆள் வந்து, என்னக்கா எனக்கு மாலை போட்டனியளோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" கூட்டத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் இருந்தார். குகன் அண்ணையின் பெரியம்மாவின் படமும் மேசையில் இருந்தது.

ஆடி மாதம் தம்பியின் மனைவி வவுனியா முகாமிலிருந்து எடுத்தாள். தானும் பிள்ளையும் உயிரோடு இருப்பதாகச் சொன்னாள். கடைசி நாள் வரைக்கும் தம்பியும் அவர்களோடுதான் வந்தார். தண்ணீரைக் கடந்து இந்தப் பக்கம் வந்ததும் ஆமிக்காரர் ஆண்களை வேறு வரிசையில் விட்டார்கள். ஒருவர், அவர் பஸ்ஸில் ஏறியதைக் கண்டேன் என்றாராம். இன்னொருவர், அந்த வரிசையில் அவர் நிற்கவே இல்லை என்றாராம். அவ்வளவுதான் செய்தி. அதற்கு மேல் இன்றைக்கும் இல்லை.

அக்காவை வெளியே கூட்டிக்கொண்டு போங்கோ, வீட்டில் நடந்துகொண்டே திரியிறா, கீழே எங்களுக்குக் கேட்குது என்று வதனிதான் சொன்னாள். மூன்று பேருமாக வானமலைக்குப் போனோம். கார் நிறுத்துகிற இடத்தில் இறங்கும்போது அக்காவின் போன் அடித்தது. திரும்பவும் தம்பியின் மனைவிதான். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம், ஆனால் அக்கா போனைச் சத்தமாக வைத்துத்தான் கதைப்பார்.

"மச்சாள், ஒண்டு கேக்கவேணும்."

"கேளும் பிள்ளை."

"இஞ்சை எல்லாரும் கேக்கினம். உனக்கென்ன பொட்டு எண்டு சிலபேர். ஏன் இண்டைக்கு வைக்கேல்லை எண்டு சிலபேர். தாலிக்கொடி எப்பவோ தண்ணிக்கை போயிட்டுது. இது ஒண்டுதான் கிடக்கு. வைக்கிறதோ, அழிக்கிறதோ? நீங்கள் அவருக்குத் தாய்மாதிரி. நீங்கள் சொன்னால் செய்யிறன்."

வதனி என் கையைப் பிடித்தாள். மிச்ச அக்கா என்ன சொல்வார் என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. வையடி, அவன் வருவான் என்பார். அந்தப் பெண்ணும் வைப்பாள். அக்கா சொல்லிவிட்டார் என்பதற்காகவே, முகாமிலும் முகாமுக்குப் பிறகும், முடி நரைக்கும்வரை வைப்பாள்.

"உடனை சொல்லமாட்டன். எப்பன் பொறும். நானே திருப்பி எடுக்கிறன்" என்றார் அக்கா.

பிறகு கோபுரத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். பாதி வழியில் அந்தச் சன்னல் வந்தது. அக்கா குந்தவில்லை.

"உவ மேலை போறா!" என்றாள் வதனி, ஏதோ விபத்தைக் கண்டதுபோல.

நான் அவளைத் தடுத்தேன். இரண்டு பேரும் அக்கா வழக்கமாக இருக்கிற படியில் இருந்தோம். அந்தச் சன்னலால் ஏரி தெரிந்தது, ஒரு வெள்ளைப் படகு தெரிந்தது. மேலே சப்பாத்துச் சத்தம் நின்றது. ஒரு ஜெர்மன் குடும்பம் எங்களைக் கடந்து ஏறியது, இறங்கியது. பிறகு அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார்.

"என்னக்கா தெரிஞ்சுது?"

"ஏரி."

"அவ்வளவுதானோ?"

"சன்னலாலை தெரியிற அதே ஏரிதான். எப்பன் பெரிசு."

வெளியே வந்து ஒரு மரவாங்கில் குந்திக்கொண்டு போனை எடுத்தார். இந்தமுறை சத்தமாகப் பேசவில்லை. ஆனால் நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம்.

"பிள்ளை, கேளும். என்ர மனுசன் இஞ்சை செத்த அண்டைக்கு எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. சுத்தி நிண்ட ஆக்கள் சொல்லிச்சினம், அழிக்கச் சொல்லி. அழிச்சன். பிழையெண்டு சொல்லேல்லை. ஆனால் அது நான் செய்ததில்லை, அவை செய்தது. உம்முடைய நெத்தியிலை நான் கை வைக்கமாட்டன். வைக்கிறீரோ வையும். அழிக்கிறீரோ அழியும். இண்டைக்கு வைச்சு நாளைக்கு அழிச்சாலும் உம்மை ஆரும் கேக்கேலாது. கேட்டால், மச்சாள் சொன்னவ எண்டு சொல்லும்."

"நீங்கள் என்ன நினைக்கிறியள் மச்சாள்?"

"நான் தம்பியை நினைக்கிறன். அது என்ர பாடு. அதிலை உம்மைக் கொண்டுவந்து கட்டமாட்டன்."

"சரி மச்சாள்" என்று வந்தது.

அக்கா எழும்பிச் சேலையைத் தட்டினார். "ஐஸ்கிறீம் குடிப்பம்" என்றார்.

காரில் திரும்பி வரும்போது வதனியால் அடக்க முடியவில்லை. "வையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அக்கா. அதுக்கு ஒரு பிடி இருந்திருக்கும்."

"சொல்லியிருந்தால் வைச்சிருப்பாள்" என்றார் அக்கா. "அதுதானடி பயம்."

அதற்குப் பிறகு வந்த வருடத்தில் அவர்களை முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள். உறவினர் வீடொன்றில் இருந்தார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போனது. ஒருநாள் பள்ளிக்கூடப் பரிசளிப்பில் எடுத்த படம் ஒன்று அக்கா மகளின் கணினிக்கு வந்தது. நான் எதற்கோ மேலே போயிருந்தேன், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். கையில் ஒரு கிண்ணத்தோடு பிள்ளை. பக்கத்தில் தாய், வெளிர்நிறச் சேலை. நெற்றி வெறுமையாக இருந்தது.

"மாமி அழகாக இருக்கிறார்" என்றாள் மகள் டெனிஷில். அவளுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

"பிள்ளை வளந்திட்டாள்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் எழும்பும்போது சொன்னார்: "சனிக்கிழமை ஒருக்கால் கோப்பைக்காரனிட்டைப் போவம். அந்த மற்றதையும் எடுக்கவேணும்."

நான் தலையாட்டினேன். வதனியிடம் சொன்னபோது அவள் அடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மிச்சம் வைக்கிறதை அக்கா விடப்போகிறார் என்பது இரண்டு பேருக்கும் விளங்கியது.

அந்தச் சனிக்கிழமை அக்கா நகரச் சந்தைக்குப் போகவில்லை. நேரே பழம்பொருள் மண்டபத்துக்கு விடச் சொன்னார். கிழவர் மேசைக்குப் பின்னால் இருந்து அதே கோப்பையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா பையைத் திறந்து காசை மேசையில் வைத்தார்.

"கோப்பையை வாங்க வந்திருக்கிறேன்."

கிழவர் காசைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். "இது விற்பனைக்கு இல்லை" என்றார்.

"அது என்னுடையது."

"உன்னுடையதுதான். அதனால்தான் விற்கமுடியாது."

"அப்படியென்றால் சும்மா தா. அன்றைக்குச் சும்மா தருகிறேன் என்றாயே."

"அன்றைக்கு நீ வேண்டாம் என்றாய்" என்றார் கிழவர். காசை ஒரு விரலால் அக்காவின் பக்கம் தள்ளினார். "இதையும் கொண்டுபோய்விட்டால் நீ பிறகு எதற்கு இங்கே வருவாய்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னார்: "மிஸ்யெம்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. என் பக்கம் திரும்பினார். "பாத்தீரே? உந்தக் கிழவன் என்ர கதையை எனக்கே சொல்லுறான்!" அவருடைய டெனிஷ் அத்தோடு தீர்ந்துபோனது, கிழவரைப் பார்த்துத் தமிழிலேயே பேசத் தொடங்கினார். விசரன் என்றார், கஞ்சன் என்றார், ஆரடா உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது என்றார். கிழவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. விலைத்துண்டு தொங்குகிற ஒரு கதிரையில் இருந்தார்.

கிழவர் எழும்பி உள்ளே போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கோப்பையைக் கழுவிக் கோப்பி ஊற்றி வந்து அக்காவின் கையில் கொடுத்தார். தனக்கு ஒரு கடதாசிக் குவளையில் எடுத்துக்கொண்டு எதிரே இருந்தார். எனக்கும் ஒன்று வந்தது.

அக்கா இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பிறகு வழக்கம்போல் கதை தொடங்கியது. சதுக்கத்து மரக்கறி வண்டிக்காரன் இப்போதெல்லாம் கீரை கொண்டுவருகிறானில்லை என்றார். ஒழுகுகிற தொழுவக் கூரை பற்றிக் கிழவர் சொன்னார். கதிரையின் விலை அதிகம் என்று அக்கா சொன்னார். வெயில் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு வரும்வரைக்கும் இருந்தோம்.

அக்கா எழும்பினார். காசை எண்ணாமல் அள்ளிப் பைக்குள் போட்டார். "போயிட்டு வாறன்" என்றார் கிழவருக்கு, எப்போதும் சொல்வதுபோலத் தமிழில்.

கதிரையின் கைப்பிடியில் அவர் வைத்துவிட்டுப் போன கோப்பையை நான்தான் எடுத்து மேசைக்குக் கொண்டுபோனேன். அடியில் ஒரு மிடறு கோப்பி இருந்தது.